ஊருக்குள் யோகா சொல்லித்தரப் போகும் சகோதரிகளுக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், யோகா பயிற்சி முடித்த குழு உறுப்பினர்களுக்காக நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

யோகா பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு முதலில் எல்லோரும் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்க.

பயிற்சி முடிந்ததிலிருந்து இவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், எங்க ஊர்ல பொம்பளைங்களுக்கு இலவசமாச் சொல்லித் தரலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கிறது?" நல்ல கேள்வி. ஊருக்கு நாலு நல்லது செய்யணும்னு ஒரு பெண் தானாக முன்வருவது நம் குழுக்களுக்குப் புதுசு கிடையாது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே, எழுதத் தெரிந்த பெண் எழுதத் தெரியாதவர்களுக்காக நோட்டு எழுதித்தான் குழு வளர்ந்தது. தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம் பழக்கம்.

ஆனால் கணக்கு நோட்டில் தப்பு வந்தால் அடித்துத் திருத்தி எழுதலாம். உடம்பில் தப்பு வந்தால் அப்படித் திருத்த முடியாது. அதனால் இன்று நான் சொல்லப் போவது எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் அடக்கலாம். அந்த வார்த்தை 'எல்லை'. எதைச் சொல்லித் தருவது, எதைச் சொல்லித் தரக்கூடாது, எவ்வளவு வாக்குக் கொடுப்பது, எத்தனை நாளைக்கு இலவசமாகச் செய்வது என்று புது ஆசிரியை முதலிலேயே எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். எல்லை போட்டவர் நாலு வருஷம் கழித்தும் வகுப்பு நடத்துவார். போடாதவர் நாலு மாதத்தில் களைத்துப் போய் விட்டுவிடுவார்.

நாள் பூரா குனிஞ்சு நிமிர்றோமே, இது எதுக்கு?

நீங்கள் வகுப்பு என்று சொன்னதும் ஊரில் முதலில் வரும் கேள்வி இதுதான். "நாள் பூரா நாத்து நட்டு, களை எடுத்து, தண்ணி தூக்கி வர்றோம். இதுக்கு மேல என்ன யோகா?" இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. நியாயமான கேள்வி. பதில் தெரிந்துகொண்டு போங்க.

நடவு நடும் பெண் மணிக்கணக்கில் முன்பக்கமாகவே குனிந்திருக்கிறாள். பீடி சுற்றும் பெண் கழுத்தைத் தொங்கப் போட்டு, ஒரே மாதிரி விரலை அசைக்கிறாள். தையல் மெஷினில் இருப்பவளுக்குத் தோள்பட்டை ஏறிப் போயே இருக்கிறது. வேலை செய்யும் உடம்பு உழைக்கிறது, உண்மை. ஆனால் ஒரே பக்கமாக உழைக்கிறது. யோகாவில் அந்த உடம்பை மறுபக்கமும் மெதுவாக வளைக்கிறோம், இறுகிய இடத்தைத் தளர்த்துகிறோம், மூச்சைக் கவனிக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் கூப்பிடாத, யாருக்கும் சமைக்காத முக்கால் மணி நேரம் அவளுக்குக் கிடைக்கிறது. பல பெண்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

பலன் எவ்வளவு என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்க. நாள்பட்ட இடுப்பு வலி பற்றி நடந்த 12 ஆய்வுகளைக் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், யோகா செய்தவர்களுக்கு அன்றாட வேலை செய்வதில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அதே சமயம் சிலருக்கு முதுகு வலி கூடவும் செய்தது. இரண்டையும் நாம் ஞாபகம் வைக்க வேண்டும். உதவும். ஆனால் மந்திரம் கிடையாது. கவனம் இல்லாவிட்டால் வலியும் வரும்.

இடம், நேரம், அனுமதி

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: "இந்த இடத்துக்கு நம்ம ஊரில் இருக்கும் எல்லாத் தெருப் பெண்களும் தயக்கம் இல்லாமல் வருவார்களா?" கோயில் மண்டபமோ, ஒருவர் வீட்டு மாடியோ வசதியாக இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு தெருப் பெண்கள் மட்டும் வந்து, இன்னொரு தெருப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டால் அது ஊருக்கான வகுப்பு ஆகாது. குழுக் கட்டடம், ஊராட்சி சேவை மையக் கட்டடம், பள்ளி நேரம் முடிந்த பிறகு பள்ளி வராண்டா, நூலகக் கட்டடம் என்று பொது இடமாகப் பாருங்க. அங்கன்வாடி குழந்தைகளுக்கான இடம். அவர்கள் நேரத்தில் இடைஞ்சல் செய்யக்கூடாது. எந்த இடமாக இருந்தாலும் பொறுப்பானவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைவு முக்கியம். படுத்துச் செய்யும் பயிற்சியின்போது ஆண்கள் போய் வரும் வழியாக இருந்தால் பெண்கள் கூசிப் போவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். உடை பற்றி நிபந்தனை போடாதீங்க. சுடிதார் இருந்தால் நல்லது. சேலையில் வருகிறவருக்குச் சேலையில் செய்யக்கூடிய பயிற்சியை மட்டும் சொல்லுங்க. யோகா மேட் வாங்கச் சொல்ல வேண்டாம். வழவழப்பான சிமெண்ட் தரையில் கோரைப் பாய் வழுக்கும். பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் போதும்.

நேரத்தை நீங்களாக முடிவு செய்யாமல் பெண்களிடமே கேளுங்க. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி வரும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்து ஒரு நேரத்தைக் குறித்தால், அதை மாற்றாதீங்க. மூன்று பேர் வந்தாலும் அந்த நேரத்தில் ஆரம்பிங்க.

கேட்காமல் ஆரம்பிக்காதீங்க

பயிற்சி நிலையத்தில் உங்களோடு படித்தவர்கள் எல்லோரும் ஓரளவு திடமானவர்கள். ஊரில் வரப்போகும் முப்பது பேரும் முப்பது விதமாக இருப்பார்கள். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்கு சர்க்கரை, ஒருவருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கும். ஒருவர் மூணு மாசக் கர்ப்பத்தை இன்னும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் முதல் நாள் ஆசனம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்க. எல்லோர் முன்னாலும் கேட்டால் உண்மை வராது. அந்த நோட்டு உங்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை:

ரத்தக் கொதிப்பு உண்டா? அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தான். அவர்களிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்க. கொதிப்பு உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே தொங்கவிடும் பயிற்சி செய்யக்கூடாது. மூச்சை அடக்கக்கூடாது. அளவு 180/110 என்று இருந்தால் அன்றைக்கு வகுப்பே வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க.

சர்க்கரை உண்டா? மாத்திரை, இன்சுலின் எப்போது எடுக்கிறார்? சிலவகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும். உங்கள் பையில் எப்போதும் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்க. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்க.

கர்ப்பமா? பிரசவமோ, சிசேரியனோ, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ, கர்ப்பப்பை ஆபரேஷனோ எப்போது நடந்தது? கர்ப்பிணிகளுக்குத் தனிப் பயிற்சி பெறாதவர் சொல்லித் தரவே கூடாது. குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது, கபாலபாதி இதெல்லாம் அவர்களுக்கு ஆகாது. ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வரட்டும்.

கர்ப்பப்பை இறக்கம் உண்டா? பல அம்மாக்கள் வருஷக்கணக்காக வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள். வயிற்றை அழுத்தி முக்கும் எந்தப் பயிற்சியும் இவர்களுக்கு வேண்டாம். உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்றால், மருத்துவமனைக்குக் கூட்டிப் போக அதுவே நல்ல சந்தர்ப்பம்.

முட்டி வலி, தலைசுற்றல், குடலிறக்கம், கண் நீர் அழுத்தம், இதய நோய், வலிப்பு உண்டா என்றும் கேளுங்க. மாதவிடாய் நாளில் வருவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். "அந்த நாளில் வராதே" என்று நாம் சொல்லக்கூடாது. வந்தவரைத் தலைகீழ் பயிற்சி செய்யச் சொல்லவும் கூடாது.

இன்னொன்று. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருக்கலாம் என்று நினைத்தே நடத்துங்க. இவர்கள் படுத்திருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி, உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் எழச் சொல்லுங்க.

குறைவாகச் சொல்லிக் கொடுங்க

புதுசாகக் கற்றுக்கொண்டவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட ஆசை இருக்கும். அந்த ஆசைதான் ஆபத்து. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் இவை ஊர் வகுப்புக்குத் தேவையே இல்லை. உங்களுக்கு நன்றாக வந்தாலும் செய்து காட்ட வேண்டாம். நீங்கள் காட்டினால் பின்வரிசையில் இருக்கும் ஒரு தங்கச்சி வீட்டில் போய்ச் செய்து பார்ப்பாள்.

சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் இன்றைய யோகா ஆசிரியர்கள் பலருக்குக் குருவுக்குக் குரு. அவரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வற்புறுத்திச் சொன்னது, ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று என்பதுதான். அவ்வளவு பெரிய ஆசிரியர்களே அப்படிச் சொன்னால், புதிதாக ஆரம்பிக்கும் நமக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் 5 நிமிடம்: இன்றைக்கு யாருக்காவது வலி, காய்ச்சல், தலைசுற்றல் உண்டா என்று விசாரிப்பது.

அடுத்த 8 நிமிடம்: கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று மூட்டுகளைத் தளர்த்துவது. கழுத்தை வட்டமாகச் சுழற்றாமல் முன்னே பின்னே, பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் போதும்.

அடுத்த 15 நிமிடம்: நின்று தாடாசனம், கை இடுப்பில் ஊன்றி லேசாகப் பின்வளையும் அர்த்த சக்ராசனம், உட்கார்ந்து பத்ராசனம், கைமுட்டி ஊன்றிப் பூனை மாதிரி முதுகை ஏற்றி இறக்குவது, மல்லாந்து படுத்து ஒவ்வொரு காலாக மடக்குவது. முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியோ திண்ணையோ கொடுங்க. வஜ்ராசனத்தில் உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீங்க.

அடுத்த 7 நிமிடம்: மூச்சுப் பயிற்சி. அடக்காமல் இழுத்து விடும் நாடி சுத்தி, பிராமரி. இந்த இரண்டும் போதும்.

கடைசி 10 நிமிடம்: சவாசனம். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீங்க. நம் பெண்கள் பகலில் படுப்பதே இல்லை.

இதையே எட்டு வாரம் செய்யலாம். "தினமும் இதேதானா?" என்று யாராவது கேட்டால், "தினமும் சோறுதானே அக்கா சாப்பிடறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்க. "வலிச்சா நிறுத்துங்க" என்ற வார்த்தையை ஒவ்வொரு வகுப்பிலும் பத்துத் தடவையாவது சொல்லுங்க. நம் பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தே பழகியவர்கள். நிறுத்தலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சொல்லவே கூடாத ஒரு வார்த்தை

"யோகா செஞ்சா மாத்திரையை நிறுத்திடலாம்." இந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து ஒரு நாளும் வரக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் அங்கேயே மறுத்துச் சொல்லுங்க. கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையும் கீரையும்தான் வழி, பிராணாயாமம் செய்தால் ரத்தம் ஊறாது. கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு, குழந்தையின்மை எதற்கும் நாம் வைத்தியம் பார்ப்பதில்லை.

யோகா வழியாகச் சிகிச்சை தருவதற்கென்றே ஐந்தரை வருஷம் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் இதற்கென்று பிரிவு உண்டு. "எனக்குத் தெரியாதுக்கா, டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லும் ஆசிரியையைத்தான் ஊர் நம்பும்.

தொடுவதற்கு முன்னால்

ஒருவர் முதுகு வளைந்திருக்கிறது, சரி செய்யலாம் என்று கை நீட்டுவதற்கு முன்னால் "தொடலாமா அக்கா?" என்று கேளுங்க. வாயால் சொல்லிப் புரியவைக்க முடிந்தால் தொடவே வேண்டாம். வீட்டில் அடி வாங்கிய பெண்கள் நம் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பின்னாலிருந்து திடீரென்று ஒரு கை பட்டால் அவர்கள் உடம்பு பதறிவிடும். கண்ணை மூடிப் படுக்கவே சிலருக்குப் பயமாக இருக்கும். "விருப்பம் இருந்தா கண்ணை மூடலாம், இல்லேன்னா திறந்தே இருக்கலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்க.

சவாசனத்தில் யாராவது அழுதால் ஏன் என்று துருவிக் கேட்காதீங்க. பக்கத்தில் உட்காருங்க, தண்ணீர் கொடுங்க. அவராகப் பேசினால் காது கொடுத்துக் கேளுங்க. கேட்டதை வகுப்பைத் தாண்டிக் கொண்டுபோகாதீங்க. வீட்டில் வன்முறை என்றால் பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

போட்டோ விஷயமும் இதே மாதிரிதான். வகுப்பில் படுத்திருக்கும், குனிந்திருக்கும் பெண்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீங்க. ஜூன் 21 யோகா தினம் வந்தால் படம் கேட்டு நாலு பேர் போன் செய்வார்கள். சம்மதம் சொன்னவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் போதும். ஒரு தவறான படத்தால் ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டால், அவளோடு இன்னும் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள்.

எல்லா மதத்துப் பெண்களும் வரட்டும்

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் பல நாடுகளில் பல மதத்தினரும் கொண்டாடுகிறார்கள். நம் குழுவிலும் மூன்று மதத்துச் சகோதரிகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டுகிறோம். வகுப்பும் அப்படியே இருக்கட்டும். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் மௌனம் போதும். யாரும் அவரவர் மனசுக்குள் எதையும் நினைத்துக்கொள்ளலாம். 'ஓம்' சொல்ல விருப்பமில்லாதவர் மூச்சை மட்டும் விடட்டும். அதைக் கேள்வி கேட்பதும், மற்றவர் முன்னால் சுட்டிக்காட்டுவதும் வேண்டாம்.

பள்ளியும் முதியோரும்

பள்ளியிலிருந்து கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்க, ஆனால் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு போங்க. வகுப்பு முடியும் வரை ஓர் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. எந்தக் குழந்தையையும் தனியாக அறையில் வைத்துச் சொல்லித் தராதீங்க. இது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. யார் அதிகம் வளைகிறார்கள் என்று போட்டி வைக்காதீங்க.

வயசானவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குவது, உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, மூச்சுப் பயிற்சி. எலும்பு தேய்ந்தவர்களை முன்னால் வளைந்து கால் விரலைத் தொடச் சொல்லக்கூடாது. கீழே விழாமல் நடக்க ஒரு பாட்டிக்குக் கால் பலம் வந்தால் அதுவே நமக்கு வெற்றி.

எத்தனை நாளைக்கு இலவசம்?

இதை நான் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்கள் என்றால் இலவசமாகச் செய்வார்கள் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். ஊர்வலமா, குழுப் பெண்களைக் கூப்பிடு. விழாவில் கூட்டம் சேர்க்கணுமா, குழுப் பெண்களைக் கூப்பிடு. வீட்டில் சமையல், மாட்டுக் கொட்டகை, பிள்ளைகள் எதற்கும் கூலி கிடையாது. இப்போது யோகாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடக் கூடாது.

நாமே விரும்பி, நாமே நாள் குறித்துச் செய்வது சேவை. மறுக்க முடியாமல் செய்துகொண்டே இருப்பதற்கு வேறு பெயர். அதனால் ஆரம்பிக்கும்போதே சொல்லுங்க: "எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், மொத்தம் பதினாறு வகுப்பு இலவசம்." இதைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்க. பக்கத்து ஊருக்குப் போவதாக இருந்தால் பஸ், ஆட்டோ செலவை அந்த ஊர்க் குழு கொடுக்கட்டும். கைக்காசு போட்டுச் சேவை செய்ய வேண்டாம்.

பதினாறு வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்க. தொடரலாமா? ஆளுக்குச் சிறு தொகை போட்டு ஆசிரியைக்குக் கொடுக்கலாமா? முடியாதவர்களுக்கு அதில் விலக்கு தரலாமா? குழு நிதியிலிருந்து கொடுப்பதாக இருந்தால் தீர்மானம் போட்டுக் கொடுக்கலாமா? பேசி முடிவெடுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதை இங்கேயும் பயன்படுத்துவோம்.

இன்னொரு விதி: வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கும் இடத்துக்கு நீங்கள் இலவசமாகப் போகாதீங்க. தனியார் பள்ளி, கம்பெனி, உடற்பயிற்சிக் கூடம் கூப்பிட்டால் "என் கட்டணம் இவ்வளவு" என்று கூச்சமில்லாமல் சொல்லுங்க. இலவசம் என்பது இல்லாதவர்களுக்காக.

இந்தப் பதினாறு வகுப்பால் உங்களுக்கும் லாபம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பலவிதமான உடம்புகளைப் பார்க்கிறீர்கள். குரல் திறக்கிறது. எந்த வார்த்தை சொன்னால் பெண்களுக்குப் புரிகிறது என்று தெரிகிறது. தேதி, வந்தவர் எண்ணிக்கை, செய்த பயிற்சி என்று ஒரு வருகைப் பதிவேடு வையுங்க. 2018இல் ஆயுஷ் அமைச்சகம் அமைத்த யோகா சான்றிதழ் வாரியம் படிப்படியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. மேலே போக நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் கைகொடுக்கும்.

கடைசியாக உங்கள் வீட்டைப் பற்றி. நீங்கள் வகுப்பில் நிற்கும் அந்த முக்கால் மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பார்கள்? பிள்ளையை யார் பள்ளிக்குக் கிளப்புவார்கள்? கணவரிடம், மாமியாரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லா வேலையையும் நாலு மணிக்கே எழுந்து முடித்துவிட்டு ஓடி வந்து, மற்றவர்களை ஓய்வாக இருக்கச் சொல்லுவது ரொம்ப நாள் ஓடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

பயிற்சி முடித்த சகோதரிகள் இந்த மாதம் நாலு வேலை செய்யுங்க. ஒன்று, இடத்தையும் நேரத்தையும் பெண்களைக் கேட்டு முடிவு செய்வது. இரண்டு, உடல்நிலை நோட்டுப் போடுவது. மூன்று, கிராமச் சுகாதாரச் செவிலியரைப் பார்த்து வகுப்பு பற்றிச் சொல்லி வைப்பது. நான்கு, பதினாறு வகுப்புத் தீர்மானத்தைக் குழு நோட்டில் எழுதுவது. முதல் வகுப்பு அடுத்த மாதம் ஆரம்பித்தால் போதும், அவசரமே இல்லை.

மற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இவர்கள் ஆரம்பிக்கும்போது முதல் நாளே போங்க. உடம்பில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்க. முடியாததை "முடியலம்மா" என்று சொல்லுங்க. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டையும் பதிவேட்டையும் கொண்டுவாங்க, சேர்ந்து பார்ப்போம். உங்கள் எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.